எண்ணெய்க்கு ஒரு வெளிவாசல்

இராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில், கூலிக்கு ஆள் கூப்பிட்டால் வரத் தயங்குகிற வேலை ஒன்று இருந்தது. கோழி எரு இறக்குவதுதான் அது. நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் சேர்ந்த எரு. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் அதைப் போட்டால் எங்கள் செம்மண் காடு நன்றாகக் கொடுக்கும். ஆனால் அதை டிராக்டர் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பவர்கள் படும் பாடு பெரிது. மேலே காய்ந்து பொடியாக இருக்கும். ஓரடி தோண்டினால் ஈரமும் சூடும் அம்மோனியா நெடியும் மூக்கில் ஏறும். ஆண்கள் பெட்டிமேல் நின்று மண்வெட்டியால் வெட்டிவிடுவார்கள். பெண்கள் கூடையில் வாங்கித் தலையில் சுமந்து காட்டுக்குள் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். சும்மாடும் வாயில் கட்டிய துணியும் அவர்களுக்குப் பெரிய காப்பில்லை. மாலையில் கண் சிவந்து, இருமிக்கொண்டே வீடு திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்திருக்கிறார்.

அவர்கள் சுமந்து முடிக்கும்வரை டிராக்டர் வரப்போரம் எஞ்சின் அணைந்து நிற்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது. ஒன்பது கலப்பையை ஒற்றை லிவரில் தூக்குகிற எந்திரம் அது. தனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பெட்டியைச் சாய்க்க மட்டும் அதற்கு வழி இல்லை.

அது அப்பா 1970-களின் கடைசியில் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. சிவப்புப் பானெட், சாம்பல் நிற உடல், சிம்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின், 35 குதிரைத்திறன். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து செய்த வண்டிகளின் வரிசையில் வந்தது. இங்கிலாந்தில் ஓடிய மாஸி பெர்குசன் 35-தான் இதற்கு முன்னோடி. எங்கள் பக்கம் பல வீடுகளில் மாட்டுக் கட்டுத்தரை காலியானதற்கு இந்தச் சிவப்பு வண்டி காரணம்.

இதன் ஹைட்ராலிக்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஹாரி பெர்குசனிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1884-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலாகப் பறந்தவரும் அவரே. முதல் உலகப்போர்க் காலத்தில், அங்கே ஓடும் டிராக்டர்களின் வேலைத்திறனைக் கூட்டும் பொறுப்பை அந்நாட்டு விவசாய வாரியம் அவரிடம் கொடுத்தது. அன்றைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு போகும். கலப்பை ஒரு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் மேலே கிளம்பும், வண்டி ஓட்டுகிறவர்மேலேயே கவிழும். பெர்குசன் கலப்பையையும் வண்டியையும் ஒரே உடலாக்கினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க், இவற்றைத் தூக்க எண்ணெய் அழுத்தம். மண் இறுகி இழுவை கூடினால், டாப் லிங்க் முன்னால் தள்ளி உள்ளே ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். அந்த அசைவு வால்வைத் திறக்கும், கலப்பை தானே சற்று மேலேறும். பாறையில் மாட்டினாலும் பின்சக்கரம் நின்ற இடத்தில் சுழலுமே தவிர வண்டி கவிழாது. 1946-இலிருந்து 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்த முறையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் நிற டிராக்டர்கள் செய்யப்பட்டன. 1953-இல் பெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. மாஸி பெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அப்பாவுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் வேலை செய்யும் விதம் முழுக்கத் தெரியும். எங்கள் காட்டில் மேற்குப் பக்கம் சுக்காம்பாறை. அங்கே ஓட்டும்போது லிவரைக் கையால் தொடாமலே கலப்பை ஏறி இறங்குவதை எனக்குக் காட்டுவார். "கல்லு இருக்கறது நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே வண்டிக்குத் தெரிஞ்சிரும் கண்ணு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் பெர்குசனின் காப்புரிமை முழுவதும் இருக்கிறது என்று பின்னால் படித்தபோது உணர்ந்தேன்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறியது. நூற்பாலைகளுக்கும் நூறு நாள் வேலைக்கும் ஆட்கள் போய்விட்டார்கள். எரு இறக்க வரும் பெண்களில் பாதிப்பேருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஏரி வண்டல் எடுக்கும் கோடைக்காலத்தில் அதே சிக்கல் இன்னும் பெரிதாக வந்தது. ஏரிக்குள் பொக்லைன் ஒரு பெட்டியைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடும். அதைக் காட்டில் கையால் இறக்க அரை நாள் ஆகும். ஏற்றுவது எந்திரம், இறக்குவது மனித முதுகு என்ற இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே தெரியவில்லை.

புது டிராக்டர் வாங்கலாம் என்றார்கள் உறவினர்கள். பின்னால் இரண்டு, நான்கு எண்ணெய் இணைப்புகளோடு வண்டிகள் வரத் தொடங்கியிருந்தன. அப்பா மறுத்துவிட்டார். கடன் பயம் ஒரு காரணம். இந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்த ஆட்கள் ஊரிலேயே இருப்பது இன்னொரு காரணம். வண்டி ஓடுகிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது, லிஃப்ட் ஏறுகிறது. ஒரு வேலை செய்யவில்லை என்பதற்காக எல்லா வேலையும் செய்கிற ஒன்றை விற்பதா என்று கேட்டார். அவர் கேட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ஃபிட்டர் அண்ணன் வந்தார். திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக் வண்டி. இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும் அந்த ஊர் வண்டியைப் பார்க்கலாம். ரிக் வண்டியின் கோபுரத்தைத் தூக்குவது, தண்டைச் சுழற்றுவது, இறக்குவது எல்லாம் எண்ணெய் அழுத்தம்தான். அதனால் ஓஸ் பைப், வால்வு, ஜாக்கி, ஆயில் சீல் பற்றி அங்கே பட்டறைப் பையன்களுக்குக்கூட ஆழ்ந்த அறிவு உண்டு. இந்த அண்ணன் பல வருடம் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிவிட்டு, ஊரில் சின்னப் பட்டறை போட்டிருந்தார்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர் அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்க மாமா, பொட்டிய மட்டும் தூக்கோணுமா, இல்ல திருப்புக் கலப்பை கிலப்பை எல்லாம் மாட்டோணுமா?"

"பொட்டி மட்டும் போதும் தம்பி."

"அப்ப வெளிய பம்பு வேண்டாமுங்க. உள்ள இருக்கறதே போதும்."

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. டிப்பர் பெட்டியின் ஜாக்கிக்கு ஒரே ஒரு குழாய் போதும். எண்ணெய் அந்தக் குழாயில் போய்த் தூக்கும். இறங்கும்போது பெட்டியின் கனமே எண்ணெயைப் பிழிந்து அதே குழாயில் திருப்பி அனுப்பிவிடும். ஹைட்ராலிக் திருப்புக் கலப்பைக்கு அப்படியில்லை. ஜாக்கியை இரண்டு பக்கமும் தள்ள வேண்டும், இரண்டு குழாய் வேண்டும், திசை மாற்றும் தனி வால்வு வேண்டும். லேசர் லெவலருக்கு எண்ணெய் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தகைய வேலைக்கு வெளியே தனியாக ஒரு கியர் பம்பு, தனி எண்ணெய்த் தொட்டி, ஃபில்டர் என்று வைப்பதே நல்லது. எங்களுக்கு அவை தேவைப்படவில்லை.

உள்ளே இருக்கும் பம்பு எப்படிப்பட்டது என்பதை அண்ணன் விளக்கினார். கியர் பெட்டிக்குப் பின்னால், நடு உடம்பின் அடியில், எண்ணெய்க்குள் மூழ்கி இருக்கிறது. நான்கு பிஸ்டன். பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு அதன் ஊடாகப் போகிறது, அந்தத் தண்டுதான் அதை ஓட்டுகிறது. ஆகவே பி.டி.ஓ. லிவர் விழாமல் லிஃப்டும் ஏறாது, பெட்டியும் ஏறாது. கிளட்சை அடிவரை மிதித்தால் தூக்குதல் பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று, பெர்குசனின் தனித்தன்மை. வால்வு பம்பின் வெளியேறும் பக்கத்தில் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் பம்பு எண்ணெயைக் குடிக்கிறது. மற்ற நேரம் வெறுமனே சுற்றுகிறது. லிஃப்ட் கை உச்சிக்கு ஏறியதும் உள்ளிருக்கும் இணைப்பு அந்த வாயை அடைத்துவிடும். கலப்பைக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. பெட்டிக்கு இதுவே தடை. ஏனென்றால் வெறும் கைகள் ஏற அழுத்தம் அதிகம் வேண்டாம், எரு நிறைந்த பெட்டி ஏற நிறைய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எண்ணெய் விட்டால் முதலில் கைகள் ஏறும். உச்சியைத் தொட்டதும் பம்பின் வாய் மூடிக்கொள்ளும். பெட்டி நகரவே நகராது.

"இது தெரியாம குழாய மட்டும் இழுத்து வெச்சுட்டு, பம்பு போச்சுன்னு சொல்றவங்க நெறைய இருக்கறாங்க" என்றார்.

அவர் செய்தது எளிய வேலை. சீட்டுக்கு அருகில், லிஃப்ட் மூடியின் மேல் ஒரு சின்ன இரும்புத் தகடு போல்ட் போட்டு இருக்கும். அடியிலிருந்து வரும் அழுத்த எண்ணெய் அதன் கீழாகத் திரும்பித்தான் லிஃப்ட் சிலிண்டருக்குப் போகிறது. அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருவழி வால்வு உள்ள ஒரு கட்டையை உட்கார்த்தினார். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறப்பது போலத்தான். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் எண்ணெய் லிஃப்டுக்கு, மறுபக்கம் திருப்பினால் பெட்டிக்கு. லிஃப்ட் சிலிண்டரில் இருக்கும் எண்ணெய் அடைபட்டு, கைகள் நின்ற உயரத்திலேயே நிற்கும்.

இதில் நான் வியந்தது அதற்குப் பின் வருவதுதான். கைகளைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டு வால்வைப் பெட்டிப் பக்கம் திருப்பினால், வண்டியின் பழைய லிவரே பெட்டியின் லிவராகிவிடுகிறது. கைகள் நிற்கும் உயரத்துக்கு மேலே லிவரைத் தள்ளினால் பெட்டி ஏறும். கீழே இழுத்தால் இறங்கும். அந்த உயரத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் கலப்பைக்காக யோசித்துச் செய்த ஓர் இணைப்பு, அன்று யாரும் நினைக்காத ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்கிறது.

வேலை எளிது, ஆனால் வேலைக்கு முன் செய்த சுத்தம் எளிதல்ல. அண்ணன் முதலில் எண்ணெயை முழுக்க வடித்தார். ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும் உடம்பு அது. அதே எண்ணெய்தான் கியருக்கும், பின் அச்சின் கிரௌனுக்கும், ஹைட்ராலிக்குக்கும். வடிந்தது கறுப்பாக, அடியில் சேறாக வந்தது. காந்தக் கட்டையைத் தட்டில் ஓட்டியபோது இரும்புத்தூள் மயிர் மயிராக ஒட்டியது. டீசல் ஊற்றிக் கழுவினார். பம்பின் உறிஞ்சு வாயில் இருந்த சல்லடையைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "கலப்பைக்கு மட்டும் ஓடுனப்ப இந்த அழுக்கு உள்ளயே கெடந்துது. இனி இது பொட்டி வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வரும். அதனால மொதல்ல இருந்தே சுத்தமா இருக்கோணும்" என்றார்.

வால்வுக் கட்டையின் அடிப்பகுதி மூடியோடு ஒட்டும் முகத்தை லேத்துப் பட்டறையில் இழைத்துக்கொண்டு வந்தார். ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். வண்டியின் மரை பழைய அங்குல அளவு. கடையில் கிடைத்த நிப்பிள்களில் பல மில்லிமீட்டர் அளவு. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதே சரி என்று விட்டால் அழுத்தம் ஏறும்போது மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். அவர் மரை அளவு பார்க்கும் தகட்டை வைத்துப் பொருந்தியதை மட்டும் எடுத்தார். குழாய்க்கு உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலை உள்ள ஓஸ் வாங்கி, திருச்செங்கோட்டிலேயே முனை அழுத்தி வந்தார். தண்ணீர் ஓஸை கிளிப் போட்டு இறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். இந்தக் குழாய்க்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும் அழுத்தம் ஓடுகிறது.

அந்த அழுத்தத்தின் கணக்கை அவர் மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். ஜாக்கியின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் அதன் முகப் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். அதை 150-ஆல் பெருக்கினால் 11 டன்னுக்கு மேல். ஒரு மீட்டர் நீள்வதற்கு ஏறக்குறைய 8 லிட்டர் எண்ணெய் உள்ளே போகும். மூன்று டன் எருவுக்கு 11 டன் தள்ளல் எதற்கு என்று கேட்டேன். ஜாக்கி பெட்டிக்கு அடியில் சாய்ந்து படுத்திருக்கிறது. கிளம்பும்போது அதன் பலத்தில் சிறு பகுதிதான் மேல்நோக்கித் தூக்க உதவும். பெட்டி எழும்ப எழும்ப ஜாக்கி நிமிரும், வேலை இலேசாகும். முதல் ஒரு சாண் உயரம்தான் சோதனை.

8 லிட்டர் வெளியே போனால் உள்ளே 8 லிட்டர் குறையும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எண்ணெய் மட்டம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் பெட்டி உச்சியில் இருக்கும்போது பம்பு காற்றை உறிஞ்சும், கியர்கள் காயும். எனவே பெட்டியைப் பாதியில் நிறுத்தி அளவு பார்க்கக் கூடாது. முழுக்க இறக்கிவிட்டுத்தான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் நடை ஏரி வண்டல். பெட்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி, அப்பாவே லிவரைத் தள்ளினார். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, பெட்டி ஒரு நடுக்கத்தோடு சட்டத்தை விட்டு எழுந்தது, பிறகு நிற்காமல் ஏறியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மண் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. சும்மாட்டோடு வந்து நின்றிருந்த பெண்களில் மூத்தவர், "இத்தன வருசமா இத ஏன் செய்யாம இருந்தீங்க?" என்று அப்பாவை நேராகக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. கூலி போகிறதே என்ற கவலை அவர்களுக்கு இருக்குமோ என்று நான் அஞ்சியிருந்தேன். அவர்களுக்குக் குவியலைப் பரப்பும் வேலை இருந்தது, கிழங்கு பிடுங்கும் வேலை இருந்தது. எருக்கூடைக்காக யாரும் வருந்தவில்லை.

வருடங்கள் போகப் போக, எண்ணெய்க்கு வெளியே ஒரு வழி திறந்துவிட்டால் அதோடு சேர்ந்து வரும் பொறுப்புகளையும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். பெட்டி பின்பக்கம் சாயும்போது எடை அச்சுக்குப் பின்னால் போகிறது. அப்போது ஏர்க்கால் மேல்நோக்கி எழும்பி டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். இணைப்பு முள்ளுக்குப் பூட்டு இல்லாவிட்டால் கழன்றுகொள்ளும். ஈர வண்டல் பெட்டியின் தரையோடு ஒட்டிக்கொண்டு, உச்சி வரை ஏறியும் இறங்காமல் நிற்கும். அந்நேரம் வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினால், உயரத்தில் இருக்கும் பாரம் பக்கவாட்டில் கவிழ்க்கும். வண்டியும் பெட்டியும் ஒரே நேர்கோட்டில், சமதளத்தில் நிற்க வேண்டும். காட்டின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் மின்கம்பி இருந்தால் அந்தப் பக்கமே பெட்டியைத் தூக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது பெட்டிக்கு அடியில் போவது. பக்கத்து ஊரில் ஒரு களத்தில், தூக்கி நிறுத்திய பெட்டியின் ஓஸ் முனை வெடித்து, பெட்டி ஒரே அடியாகச் சட்டத்தில் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். கிரீஸ் அடிக்கக் குனிந்திருந்த பையன் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அன்று மாலையே ஃபிட்டர் அண்ணன் எங்கள் பெட்டிக்கு ஒரு இரும்புத் தாங்குகட்டை செய்து, சட்டத்திலேயே கீல் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். பெட்டியை உயர்த்தினால் முதலில் அதை நிமிர்த்தி முட்டுக் கொடுத்த பிறகுதான் யாரும் கீழே குனிய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டமானது. அடைத்து வைத்த எண்ணெயை நம்பி உயிரைக் கீழே வைக்கக் கூடாது.

ஓஸில் ஊசித்துளையளவு கசிவு இருந்தால் அதைக் கையால் தடவித் தேடக் கூடாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரும். ரிக் வண்டிகளில் அவர் அதைக் கண்ணால் கண்டவர். அட்டைத் துண்டைப் பிடித்து, அதில் நனைவதைப் பார்த்துத்தான் கசிவைக் கண்டுபிடிப்பார்.

பெட்டியை இரவல் கேட்டு வருவார்கள். ஊரில் மறுப்பது கடினம். ஆனால் ஜாக்கிக்குள் தங்கும் எண்ணெய் அடுத்த வண்டியின் கியர் பெட்டிக்குள் போகும், அந்த வண்டியின் எண்ணெய் நம் வண்டிக்குள் வரும். ஒரு வீட்டு வண்டியில் தண்ணீர் கலந்த எண்ணெய் இருந்தால் ஊரிலுள்ள அத்தனை கியர் பெட்டிகளுக்கும் அது பரவும். அப்பா இதை ஒரு வழியில் தீர்த்தார். பெட்டி வேண்டுமென்றால் வண்டியோடு தானே வருவார். எழுபதை நெருங்கிய வயதில் அவருக்கு அது மகிழ்ச்சியான வேலையாக இருந்தது. முன்பு நடை ஒன்றுக்கு அரை நாள் காத்திருந்தவர், இப்போது ஊரில் பாதிக் காடுகளுக்கு எரு கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்.

அதிகப் பாரம் ஏற்ற வேண்டும் என்ற ஆசையும் வந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் போட்டால் இன்னும் ஒரு டன் தூக்கலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். அப்பா ஃபிட்டர் அண்ணனைக் கேட்டார். அவர் சொன்ன பதில்: "அந்த வால்வுதான் மாமா வண்டி நம்மகிட்ட போதும்னு சொல்ற எடம். அதோட வாய அடைச்சா, மூடி வெடிக்கற சத்தந்தான் அடுத்துக் கேக்கும்." பெட்டியின் பக்கப் பலகையை உயர்த்தும் எண்ணத்தையும் அன்றோடு விட்டோம். பிரேக்கும் அச்சும் 35 குதிரைத்திறனுக்குச் செய்தவை. தூக்க முடிகிறது என்பதால் மட்டும் அவற்றால் நிறுத்தவும் முடியும் என்று ஆகிவிடாது.

அப்பா இப்போது இல்லை. வண்டி இருக்கிறது, ஓடுகிறது. வால்வின் ஓ-ரிங்கை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம், ஓஸை ஒரு முறை. பம்பு பழையதுதான்.

நாட்டில் பழைய டிராக்டர்கள் நிறைய இருக்கின்றன. பலவற்றை வயதுக்காகவே பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இன்னும் உழைக்கக்கூடிய ஒரு பம்பு எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிறது. அதன் பலத்தை வெளியே கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். என்ன வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒற்றைக் குழாய் போதுமான வேலைக்கு இரட்டைக் குழாய் செலவு வேண்டாம். தொடர்ந்து எண்ணெய் ஓட வேண்டிய வேலையை இந்தப் பழைய பம்பிடம் கேட்கவும் வேண்டாம். பழைய எண்ணெயை வடிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். குழாய் முனைக்கு எப்போதும் மூடி போடுங்கள். ரிலீஃப் வால்வில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வால்வு வாங்கும் அன்றே தாங்குகட்டைக்கும் இரும்பு வாங்கிவிடுங்கள். தாங்குகட்டை பற்றவைத்து முடிக்கும்வரை, பெட்டியை ஒரு முறைகூடத் தூக்காதீர்கள்.